பம்ப் போட்டாச்சு, அப்புறமும் ஏன் இவ்வளவு எரிச்சல்?

இன்சுலினை உடம்புக்குள் தொடர்ந்து செலுத்தும் சின்னக் கருவியான இன்சுலின் பம்பை மாட்டிக்கொண்டால் சர்க்கரை நோயின் பாரம் இறங்கிவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. தினமும் நாலைந்து ஊசி போட்டவருக்கு, தோலுக்குள் செருகும் மெல்லிய குழாயான கேனுலாவை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது பெரிய நிம்மதிதான். ஆனால் மாவுச்சத்தைக் கணக்குப் போடுவதும், நடுராத்திரி அலாரத்துக்கு எழுவதும், குளிக்கக் கழற்றியதை மறக்காமல் மாட்டுவதும் உங்கள் வேலைதான். தானாகவே அளவைக் கூட்டிக் குறைக்கும் பம்புகளிலும் பெரும்பாலானவை சாப்பாட்டு டோஸை உங்களிடம்தான் கேட்கும்.

அடுத்தது, கோபத்தில் போடும் போலஸ், அதாவது ஒரே தடவையில் செலுத்தும் இன்சுலின் டோஸ். இரவு ஒன்பது மணிக்குச் சுகர் 280. ஒரு டோஸ் போடுகிறீர்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 290. 'இன்னுமா இறங்கவில்லை!' என்று இன்னொன்று, பிறகு ஆத்திரத்தில் மூன்றாவது. முந்தைய இன்சுலின் இன்னும் உடம்பில் வேலை செய்கிறது என்று பம்ப் கணக்குக் காட்டினாலும் அதைத் தள்ளிவிட்டுப் போடுகிறோம். ஒரு டோஸ் முழுதாக வேலை செய்து முடிக்க நாலு மணி நேரம் வரை ஆகும். விளைவு, ஒரு மணிக்கு 58, உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்க ஃபிரிட்ஜ் முன்னால் நிற்பது. அந்த ராத்திரியோடு போனாலும் பரவாயில்லை. லோ ஆகிவிடுமோ என்ற பயம் ஒட்டிக்கொள்ள, வேண்டுமென்றே சுகரை 200க்கு மேல் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. டாக்டரிடம் மறைப்பதும் இதைத்தான். சொன்னால்தானே அவர் அளவுகளை மாற்ற முடியும்?

அதே 280 இறங்காததற்கு வேறு காரணமும் இருக்கலாம்: தோலுக்குள் கேனுலா மடங்கியிருக்கும். நாமோ 'என்னத்தைத் தின்று தொலைத்தேன்' என்று நம்மையே திட்டிக்கொண்டிருப்போம். பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து தீரும் இன்சுலின் மட்டும்தான். அது நின்றால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறத் தொடங்கும். காரணம் தெரியாமல் 250ஐத் தாண்டி, ஒரு டோஸுக்குப் பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லையா? கீட்டோன் பாருங்கள், அடுத்த டோஸை இன்சுலின் பேனாவிலோ ஊசியிலோ போடுங்கள், கேனுலா, டியூப் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். வாந்தியோ மூச்சுவாங்கலோ இருந்தால் நேராக மருத்துவமனைதான். பம்ப் இருக்கிறதே என்று பேனாவை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்துவதும் இப்படித்தான். அங்கே கொழுப்பு தடித்துப்போனதால்தான் வலி குறைவு. இன்சுலினும் அங்கே சரியாக உறிஞ்சப்படாது.

சுகரைத் தொடர்ந்து அளக்க உடம்பில் ஒட்டும் சென்சார் காட்டும் எண்ணைப் பரீட்சை மார்க்காகப் பார்ப்பதை விடுங்கள். 70 முதல் 180க்குள் நாளில் 70 சதவீத நேரம் இருந்தால் போதும் என்பதே பெரும்பாலான பெரியவர்களுக்கான இலக்கு. அதாவது ஏழு மணி நேரம் வெளியே போய்வர இலக்கே இடம் கொடுத்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்களும் 'ஏன் இவ்வளவு?' என்று கேட்பதற்குப் பதில் 'ஏதாவது செய்யணுமா?' என்று கேட்கலாம். அலாரம் ஓயாமல் கத்தினால் எல்லாவற்றையும் அணைக்காதீர்கள். உயர் அளவுக்கான எல்லையை டாக்டரைக் கேட்டுத் தளர்த்துங்கள், லோ அலாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சலிப்பு எல்லாமே மனச்சோர்வு நோய் அல்ல. சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து வரும் மன உளைச்சல் தனி. 1995இல் வந்த, 'பெய்ட்' எனப்படும் 20 கேள்வி அளவுகோல் அதற்கென்றே உண்டு. 100க்கு 40ஓ அதற்கு மேலோ வந்தால் உளைச்சல் அதிகம். ஆனால் இரண்டு வாரமாக எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அது வேறு. உடனே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கொஞ்ச நாள் ஊசிக்கே திரும்புவதில் தோல்வி ஒன்றுமில்லை. வெறுத்துப்போய் ஒரு ராத்திரி கழற்றி எறிவதுதான் ஆபத்து. நீண்ட நேர இன்சுலின் எத்தனை யூனிட், முதல் ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பம்பை நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம் கழற்றுங்கள்.