கணினி கிளம்பவில்லையா? அவசரத்தில் இவற்றைச் செய்துவிடாதீர்கள்

போன வாரம் நண்பரின் மகன், தானே அசெம்பிள் செய்த கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. "பவர் சப்ளை போயிருக்கும் அங்கிள். பழையது ஒன்று இருக்கிறது, மாட்டிப் பார்த்துவிடலாம்" என்றான். கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பவர் சப்ளையை மட்டும் கழற்றப் போனான். குரலை உயர்த்தித்தான் தடுக்க வேண்டியிருந்தது. வருடங்களுக்கு முன் நான் செய்ததும் அதுவேதான்.

பிளக் செருகாதது, சுவிட்ச் போடாதது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் செருகுவது

மாடுலர் பவர் சப்ளையில் கேபிள்கள் தனியாகக் கழன்று வரும். மதர்போர்டில் செருகும் 24 பின் முனையும், டிஸ்க்கில் செருகும் சாட்டா முனையும் எங்கும் ஒரே மாதிரிதான். எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5, எதில் 3.3 என்பது முடிவான விஷயம். ஆனால் அதே கேபிளில் பவர் சப்ளைக்குள் போகும் முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. ஒரே பிராண்டின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே வரிசை மாறும். கொடுமை என்னவென்றால், பல சமயம் முனையின் வடிவம் மட்டும் ஒத்துப்போகும். கிளிக் என்று உட்காரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம்.

வருடங்களுக்கு முன் நான் அந்தத் தவறைச் செய்த அன்றைக்குக் கேபிள்களைக் கேபினட்டின் பின்புறம் டை போட்டு அழகாகக் கட்டி வைத்திருந்தேன். பிரிக்க மனமில்லாமல், இரவல் வாங்கிய பவர் சப்ளையை அவற்றிலேயே மாட்டிப் பட்டனை அழுத்தினேன். புகை இல்லை, சத்தம் இல்லை, லேசாக ஒரு கருகல் வாசனை. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. இரண்டு டிஸ்க்குகளும் அங்கேயே முடிந்தன. ஒன்றில் பல வருடப் படங்கள் இருந்தன. நகல் எடுத்து வைக்கவில்லை.

அப்புறம் பார்த்தால், பழைய பவர் சப்ளையில் எந்தக் கோளாறும் இல்லை. சிபியு பவர் முனை பாதிதான் உட்கார்ந்திருந்தது. ஒரு விரல் அழுத்தத்தில் சரியாகியிருக்க வேண்டியது! கேபிளின் அந்த முனையில் ஒரு வரி எச்சரிக்கை அச்சிட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

பவர் சப்ளையை மாற்றினால் அதோடு வந்த கேபிளை மட்டுமே போடுங்கள். கட்டியதைப் பிரிக்க அரை மணி ஆனாலும் பிரியுங்கள்.

எட்டு பின் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

நான்கு நான்காகப் பிரியும் முனை (4+4) சிபியுவுக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரியும் முனை (6+2) கிராபிக்ஸ் கார்டுக்கு. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

முதல் தடவையே பொறுமை இழப்பது

டிடிஆர்5 வகை ரேம் போட்ட கணினி முதலில் கிளம்பும்போது ரேமைச் சோதித்துச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பதினைந்து நிமிடமாவது விட்டுப் பாருங்கள். மதர்போர்டின் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பும் சிமோஸ் ரீசெட் செய்தாலும் இதே காத்திருப்பு இருக்கும்.

மானிட்டர் கேபிள்

கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.

கேபினட்டுக்குள் வைத்தே தேடுவது

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மதர்போர்டை வெளியே எடுங்கள். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வையுங்கள். சிபியு, கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை, இவ்வளவு போதும். சிபியுவில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடி மின்சாரம் கொடுத்து, மதர்போர்டில் பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒருசேர ஒரு கணம் தொட்டால் கிளம்பும். கிளம்பினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

அந்தப் பையனுடையதும் அட்டைப்பெட்டியின் மேல் வைத்ததும் கிளம்பிவிட்டது. கேபினட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். மதர்போர்டில் துளையே இல்லாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சிறு திருகுத் தூண்) நின்றிருந்தது. போர்டின் அடியில் ஷார்ட் ஆனது அதனால்தான். கழற்றி அவன் கையில் கொடுத்தேன்.