அடைக்கோழியைச் செல் கடிக்காமல் காப்பது எப்படி?

அடையில் இருந்த கோழி பத்தாம் நாள் இறங்கிவிட்டுத் திரும்ப ஏற மறுக்கிறதா? கோழியைத் திட்டாதீர்கள், கூடையைப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்தால், குண்டூசித் தலையைவிடச் சின்னதாகச் சிவந்த புள்ளிகள் பின்னலில் ஊரும். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் ரத்தக் கோடு விழும். அதுதான் செல், கோழியின் ரத்தம் குடிக்கும் சின்ன உண்ணி.

பகலில் இடுக்கில் பதுங்கி, ராத்திரிதான் கோழிமேல் ஏறும். பகலில் இறகைப் புரட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. வெயில் காலத்தில் ஒரு தலைமுறைக்கு ஏழெட்டு நாள் போதும். அடைக்காலமோ 21 நாள்.

1. அடை வைக்க இரண்டு நாள் முன்பே கூடையில் கொதிநீரைப் பின்னல் நனைய ஊற்றி, ஒரு முழுப் பகல் வெயிலில் காயவிடுங்கள். வாயகன்ற மண்சட்டி இருந்தால் இன்னும் நல்லது, அதில் இடுக்கே கிடையாது. பக்கத்துச் சுவர் வெடிப்பை மண் குழைத்து அடையுங்கள்.

2. அடியில் மூன்று விரல் உயரம் காய்ந்த மணல், இரண்டு கைப்பிடி சலித்த விறகுச் சாம்பல். மேலே புது வைக்கோல், நிழலில் உலர்த்திய வேப்பிலை ஒரு கைப்பிடி. பச்சை இலை போட்டால் சூட்டில் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். சாம்பல் ஈரமானால் காரமேறி, இறகு உதிர்ந்த வயிற்றுத் தோலைப் புண்ணாக்கும். இடிக்குப் பயந்து போடும் இரும்பும் கரியும் இருந்துவிட்டுப் போகட்டும். செல் அதற்கெல்லாம் அசையாது.

3. அடை வைக்குமுன் கோழியின் வாலடி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடித்தண்டில் வெள்ளையாகக் கொத்துக்கொத்தாக ஈர் ஒட்டியிருந்தால் அது பேன். பேன் கோழிமேலேயே குடியிருப்பது, குஞ்சுக்கும் ஏறும். அந்தக் கோழியை அடை வைக்காதீர்கள். கால்நடை மருத்துவர் தரும் மருந்தைப் பத்து நாள் கழித்து மறுபடியும் போட வேண்டியிருக்கும், ஈர் முதல் மருந்துக்குத் தப்பிவிடும்.

4. தீனிக்கு இறங்கும் 15–20 நிமிடத்தில் கோழி மண்குளியல் போட, மழை படாத இடத்தில் அரையடிக் குழி: மணல் இரண்டு பங்கு, சாம்பல் ஒரு பங்கு.

5. ஏழாம் நாள் ராத்திரி முட்டையை டார்ச்சில் பார்க்கும்போதே வைக்கோலையும் மாற்றிவிடுங்கள். பதினான்காம் நாள் இன்னொரு முறை. பதினெட்டுக்குப் பிறகு கை வைக்கவே கூடாது.

கொசு வேறு கதை: அது கோழி அம்மையைப் பரப்பும். சாயங்காலமே வலை போடுங்கள். ஆனால் வலை கோழிமேல் படக் கூடாது, பட்டால் வலை வழியாகவே கடிக்கும். அடைத்த அறையில் மூட்டம் போடாதீர்கள், புகை கோழிக்கு ஆகாது.

பாச்சை உருண்டை, மண்ணெண்ணெய் இரண்டும் கூடைப் பக்கமே வேண்டாம். முட்டையில் வேப்பெண்ணெய் தடவினால் ஓட்டின் துளை அடைத்து, உள்ளே கரு மூச்சுமுட்டிச் சாகும்.

குஞ்சு இறங்கிய அன்றே வைக்கோலைக் கொளுத்திவிட்டுக் கூடைக்கு மறுபடி கொதிநீர் ஊற்றுங்கள். அப்படியே மூலையில் போட்டால், செல் மாதக்கணக்கில் பட்டினியாகக் கிடந்து அடுத்த அடைக்குக் காத்திருக்கும்.