அழிந்த காண்டாக்டை மீட்டது இப்படித்தான்

முதலில் பதறாமல் காண்டாக்ட்ஸ் ஆப்பில் எந்தக் கணக்கு காட்டப்படுகிறது என்று பாருங்கள். பாதி நேரம் எதுவுமே அழிந்திருக்காது. வேறு ஜிமெயில் கணக்கு தேர்வாகியிருக்கும், அவ்வளவுதான்.

உண்மையிலேயே அழிந்திருந்தால், கூகுள் காண்டாக்ட்ஸ் ஆப்பில் 'ஆர்கனைஸ்' போய் 'ட்ராஷ்' திறக்கவும். 30 நாள் வரை அங்கே கிடக்கும். பெயரைத் தொட்டு 'ரெகவர்' கொடுத்தால் போதும்.

மெர்ஜ் (இரண்டு பதிவுகளை ஒன்றாக இணைப்பது) செய்யப் போய் எண்கள் குழம்பியிருந்தால் ட்ராஷில் தேடிப் பயனில்லை. கம்ப்யூட்டரில் கூகுள் காண்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, செட்டிங்ஸ் சக்கரத்தில் 'அன்டூ சேஞ்சஸ்' அழுத்தவும். எப்போது இருந்த நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்கும்: 10 நிமிடம் முன்பு, 1 மணி நேரம் முன்பு, நேற்று, 1 வாரம் முன்பு. 30 நாளுக்குள் நீங்களே நேரம் குறிக்கவும் முடியும். இதில் ஒரு கண்ணி உண்டு: அந்த நேரத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்த்த எண்கள் போய்விடும். அதனால் முதலில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து எல்லா எண்களும் அடங்கிய ஒரு சிஎஸ்வி கோப்பை (அட்டவணை போன்ற பட்டியல்) எடுத்து வைத்தேன்.

சிம்மிலோ போன் மெமரியிலோ சேமித்த எண்களுக்கு இந்த வழி எதுவும் உதவாது. அவற்றுக்கு வாட்ஸ்அப் சாட் பட்டியல்தான் கதி. பெயர் போனாலும் எண் அங்கே நிற்கும்.