மழை மாதங்களில் தேனீச் செடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி நெருங்கினால் சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போய் கார் நிறைய செடி வாங்கி வருவது கோலாலம்பூரில் நம்மவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இட்லிப்பூ, துளசி, செம்பருத்தி, எருக்கு, கூடவே ஒரு கறிவேப்பிலை. தேனீ, வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு எல்லாம் வாசலுக்கு வரவேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் அதே அக்டோபர், நவம்பரில்தான் இங்கே மழை கொட்டித் தீர்க்கும். பொங்கலுக்குள் பாதிச் செடி செத்துப்போகிறது. வெயில் வேண்டும், களை பிடுங்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

குளிர்நாட்டுக் காணொளியை அப்படியே செய்வது

"நவம்பரில் செடியின் அடியில் வைக்கோலைக் கனமாகக் குவியுங்கள்" என்று ஒருவர் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு சொல்வார். அவர் ஊருக்கு அது சரி. அங்கே மண் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது வேர் மேலே தள்ளப்படும். மண்ணை இப்படி மூடிவைக்கும் மூடாக்கு அதைத் தடுக்கிறது. நமக்கு இரவிலேயே 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இங்கே கனமான மூடாக்கு செய்வதெல்லாம் ஈரத்தைப் பூட்டிவைத்துத் தண்டின் அடியை அழுகவிடுவதுதான். நத்தைக்கும் வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். விரல் கனத்துக்குப் போடுங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். கொஞ்சம் மண்ணை வெறுமனேயும் விடுங்கள். துளசிக்கும் கத்தரிப்பூவுக்கும் வருகிற நீல வரித் தேனீ கூட்டமாக வாழாது, தேன்கூடு கட்டாது. மண்ணைத் துளைத்துத்தான் முட்டையிடும்.

வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். செந்தூலில் தெரிந்த அக்கா ஒருவர் போன் செய்தார்: "தம்பி, காலையும் மாலையும் ஊத்துறேன், அப்பவும் தலை தொங்குது." போய்ப் பார்த்தேன். தோள் உயரக் கறிவேப்பிலை. சட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தளும்புகிறது. அன்று மத்தியானம்தான் மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அக்கா ஒரு வாளி ஊற்றியிருக்கிறார். சட்டியிலிருந்து பிடுங்கியதும் சாக்கடை வாடை. வேரை இரண்டு விரலால் இழுத்தால் பழுப்புத் தோல் கழன்று கையோடு வருகிறது, உள்ளே வெறும் நார் மட்டும் நிற்கிறது.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றால் வேர் திணறிச் சாகும். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகளின் வித்துகள் தண்ணீரில் நீந்தியே பரவுகின்றன. செத்த வேரால் நீரை இழுக்க முடியாது. அதனால் குளத்தில் நிற்கும் செடி தாகத்தில் இருப்பது போலவே வாடும். நாம் மேலும் ஊற்றுவோம். கதை முடிந்தது.

ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரமாக இருந்தும் செடி வாடினால் வாளியைக் கீழே வைத்துவிட்டு வேரைப் பாருங்கள். அழுகியதை வெட்டி, சிறிய சட்டிக்கு மாற்றி, நிழலில் வையுங்கள். பாதி வேராவது வெள்ளையாக இருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அக்காவின் செடியில் வெள்ளை வேரே இல்லை.

சட்டியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பார்கள். வடியாது. பொடிமண்ணில் தங்கும் நீர், கற்களின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காமல் அதற்கு மேலேயே நிற்கும். ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். கல்லுக்குப் பதில் மண்ணையே மாற்றுங்கள். கறுப்பு மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடித்தட்டை எடுத்தே விடுங்கள். அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் மலேசியாவின் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதமும் உண்டு.

எருக்கு வறண்ட நிலத்துச் செடி. அதைக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் உரம் அள்ளிப் போடுவது

சாக்கடைக்குத்தான் போகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டுவது

இங்கே வண்ணத்துப்பூச்சிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது, ஆண்டு முழுக்க முட்டையிடும். மொத்தமாக வெட்டினால் பூவும் போச்சு, கூட்டுப்புழுவும் குப்பைப் பையில் போச்சு. மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள், அது துளிர்த்த பிறகு அடுத்தது. எலுமிச்சை, கறிவேப்பிலை இலை மேல் காக்கை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் துடைக்காதீர்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழு.

வேர் வழி ஏறும் பூச்சி மருந்து

மாவுப்பூச்சி வந்தால் கடைக்காரர் இமிடாக்ளோபிரிட் கலந்ததை நீட்டுவார். அது வேர் வழியாக ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு அதைத் தடை செய்தது. அதை வாங்கி ஊற்றிவிட்டு "தேனீயே வரல" என்று என்னிடம் கேட்காதீர்கள். சோப்புத் தண்ணீரைத் தேனீ அடங்கிய பிறகு, பூவில் படாமல், இலையின் அடிப்பக்கம் அடியுங்கள்.

கொசுப் புகை

தாமானில் (குடியிருப்பில்) டெங்கிக்குப் புகை அடிக்க வந்தால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. புழு இருக்கும் சட்டிகளை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்துங்கள்.