புதிய கணினியில் வைஃபை கிடைக்கவில்லையா? அவசரத்தில் செய்யக் கூடாத தவறுகள்

புதிதாக வாங்கிய மடிக்கணினியில் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகும் இணையம் வரவில்லை என்றால், பெரும்பாலோர் உடனே எதையாவது மாற்றிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ரவுட்டரை அணைத்துப் போடுகிறார்கள். கணினியின் அமைப்புகளில் கண்ணில் பட்டதையெல்லாம் அழுத்துகிறார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரவுட்டரின் பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்திவிடுகிறார்கள். முதலில் இருந்த கோளாறு சிறியதாக இருந்திருக்கும். இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு எது எதனால் கெட்டது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே, கோளாறு எந்த இடத்தில் என்று உறுதியாகும்வரை எதையும் மாற்றாமல் இருப்பதுதான் முதல் வேலை. பழுது பார்ப்பதைவிட இதற்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும்.

வீட்டு இணையத்தில் மூன்று பகுதிகள் உண்டு. கணினியிலிருந்து ரவுட்டர் வரை ஒரு பகுதி, ரவுட்டரிலிருந்து இணைய நிறுவனம் வரை இன்னொன்று, அங்கிருந்து நாம் திறக்க நினைக்கும் தளம் வரை மூன்றாவது. திரையில் தெரியும் வைஃபை சின்னம் எத்தனை கோடு நிரம்பியிருந்தாலும், அது முதல் பகுதியின் அலை வலிமையை மட்டுமே காட்டுகிறது. "இணைக்கப்பட்டது" என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இணையமும் வந்துவிட்டது என்று நம்புவது பலரும் செய்யும் தவறு. விண்டோஸ் 11 கணினியில் ரவுட்டரோடு இணைப்பு இருந்தும் இணையம் கிடைக்காதபோது, கீழே வலது மூலையில் வைஃபை சின்னத்துக்குப் பதிலாகப் பூமி உருண்டை வடிவம் தோன்றும். வைஃபை இணைந்திருக்கும்போது அதைக் கண்டால், ரவுட்டர் வரை வழி திறந்திருக்கிறது, அதற்கு அப்பாலோ ரவுட்டரிடமிருந்து கணினி பெற வேண்டிய முகவரி எண்ணிலோதான் தடை என்று கொள்ளலாம்.

கைப்பேசியை வைத்துச் சோதிக்கும்போது

அதே அறையில், அதே வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. ஆனால் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை அணைக்காமலே இதைச் செய்கிறார்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால், இன்றைய கைப்பேசிகளில் பல, நமக்குச் சொல்லாமலே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். தளம் திறக்கும், "போனில் வருகிறதே, அப்படியானால் கணினிதான் கெட்டது" என்று முடிவு கட்டிவிடுவோம். பிறகு குற்றமற்ற கணினியோடு ஒரு மாலை முழுக்கப் போராட வேண்டியிருக்கும். மொபைல் டேட்டாவை முழுக்க அணைத்துவிட்டு, வைஃபையை மட்டும் வைத்துச் சோதித்தால்தான் அந்த விடைக்கு மதிப்பு உண்டு.

கைப்பேசியிலும் இணையம் இல்லை என்றால் கணினியை விட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்தின் (பல வீடுகளில் இதுவும் ரவுட்டரும் ஒரே பெட்டி) விளக்குகளைப் பாருங்கள். "எல்ஓஎஸ்" (LOS) என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ விட்டுவிட்டு மின்னினாலோ, ஃபைபர் வழியாக வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். வீட்டுக்குள் வரும் அந்த மெல்லிய கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை. மேசைக்கும் சுவருக்கும் இடையில் நசுங்கினாலும், ஆணியில் இறுக்கமாக வளைத்துக் கட்டினாலும், வளைவின் வழியே ஒளி கசிந்துவிடும். புதிய கணினிக்காக மேசையை நகர்த்திய அன்றே இணையம் போய்விட்டதென்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வளைவைத் தளர்த்தலாம், ஆனால் முனையைக் கழற்றித் துடைப்பதோ, ஒளி வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பதோ கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் தீங்கற்றது என்று ஆகிவிடாது.

துளைக்குள் ஊசி விடுவது

இந்தத் தவறைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இதனால் பல வீடுகள் வீணாகச் சில நாள் இணையம் இல்லாமல் இருந்துவிடுகின்றன. ரவுட்டரை அணைத்துப் போடுவது வேறு, துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்துவது வேறு. அணைத்துப் போட்டால் எந்த அமைப்பும் அழியாது. ரீசெட் பொத்தானைப் பத்து வினாடிக்கு மேல் அழுத்தினாலோ, ரவுட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். பல ஃபைபர் இணைப்புகளில், இணைப்புக் கொடுக்க வந்த ஊழியர் பிபிபிஓஇ எனப்படும் உள்நுழைவுப் பெயரையும் கடவுச்சொல்லையும், விலேன் எண்ணையும் (நிறுவனத்தின் வலையமைப்பில் இந்த இணைப்பு எந்தப் பிரிவில் சேரும் என்று காட்டும் எண்) மோடத்திற்குள் பதிந்துவிட்டுப் போயிருப்பார். வைஃபை கடவுச்சொல்லோடு சேர்ந்து இவையும் அழிந்துவிடும். அந்த விவரங்கள் கையில் இல்லாதபோது, ஊழியர் மறுபடி வரும்வரை தொலைக்காட்சி, கைப்பேசி, கேமரா என எல்லாவற்றுக்கும் இணையம் நின்றுபோகும். ஒரே ஒரு கணினிக்கு வராத இணையம், வீடு முழுவதற்கும் இல்லாமல் ஆகிவிடும். விவரங்களை எழுதி வைத்துக்கொள்ளாமல் அந்தத் துளையைத் தொடவே வேண்டாம்.

அணைத்துப் போடுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மோடமும் ரவுட்டரும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால், இரண்டையும் அணைத்து அரை நிமிடம் கழித்து, முதலில் மோடத்தைப் போட்டு அதன் விளக்குகள் நிலைத்த பிறகே ரவுட்டரைப் போட வேண்டும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்த மறு நொடியே இணையம் வரவில்லையே என்று பதறுவதும் தேவையற்றது. முழுமையாகத் தொடங்க இந்தப் பெட்டிகளுக்குச் சில நிமிடம் ஆகும்.

கைப்பேசியில் வருகிறது, கணினியில் வரவில்லை

இனிக் கணினியைப் பார்ப்போம். வைஃபை என்ற பகுதியே அமைப்புகளில் இல்லை என்றால், வைஃபை அட்டையை விண்டோஸ் இயக்க உதவும் டிரைவர் மென்பொருள் ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் ஒரு வரி இருந்தால் ஐயம் உறுதியாகிவிடும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற நிலையில் பலர் நண்பரின் கணினியில் தேடி, ஏதோ ஒரு தளத்திலிருந்து "எல்லா டிரைவர்களையும் தானே நிறுவும்" மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுவருகிறார்கள். அத்தகைய மென்பொருள்களோடு விளம்பரங்களும் அதைவிடக் கெட்டவையும் சேர்ந்து வருவதுண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியில் செருகி, கைப்பேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் போதும். விண்டோஸ் அதைக் கம்பிவழி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும். அதன்வழியே விண்டோஸ் அப்டேட்டிலிருந்தோ கணினித் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ டிரைவரைப் பெறலாம். மின்னேற்றம் மட்டும் செய்யும் மலிவான கேபிளில் இது நடக்காது. தகவலும் கடத்தும் கேபிளாக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் பட்டியலில் தெரிந்து, நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியாமல் இருப்பதும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 12, 13 ஆகிய தடங்களை (சேனல்) நம் நாட்டில் பயன்படுத்தலாம். ஆனால் அமெரிக்க விதிகளுக்கேற்ப அமைக்கப்பட்ட சில வைஃபை அட்டைகள் 11-ஆம் தடத்துக்கு மேல் தேடுவதே இல்லை. ரவுட்டர் தானாகவே 13-ஐத் தேர்ந்துகொண்டால், கைப்பேசிக்குத் தெரியும் பெயர் கணினிக்குத் தெரியாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தடத்தை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக மாற்றினால் சரியாகிவிடும். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இவையே ஏற்றவை.

பெயரின் முடிவில் "5ஜி" என்று இருந்தால் அதைக் கைப்பேசி நிறுவனங்களின் 5ஜி சேவை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பது. அதில் வேகம் அதிகம், ஆனால் சுவர்களைத் தாண்டும் திறன் குறைவு. கூடத்தில் ரவுட்டரும் இரண்டு சுவர் தள்ளிப் படுக்கையறையில் கணினியும் இருக்கும் வீட்டில், பெயரைப் பார்த்து மயங்கி அதையே பிடித்துக்கொண்டிருந்தால் இணைப்பு அடிக்கடி அறுபடும்.

கடவுச்சொல்லில் நேரும் பிழைகள் எளியவை, ஆனால் எரிச்சலூட்டுபவை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் சுழியமும் ஆங்கில 'ஓ' எழுத்தும், ஒன்று என்ற எண்ணும் சிறிய 'எல்' எழுத்தும் ஒரே மாதிரி தெரியும். தட்டச்சுக் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் வடிவத்தை அழுத்தி, தட்டியதைப் படித்துப் பாருங்கள். விசைப்பலகை தமிழில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இணைப்புக் கொடுத்த அன்றே ஊழியர் கடவுச்சொல்லை மாற்றியிருக்கக்கூடும். அப்போது அடியிலுள்ள தாளுக்கு எந்தப் பயனும் இல்லை. ஏற்கெனவே இணைந்திருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபையைப் பகிரும் பக்கத்தைத் திறந்தால், பல கைப்பேசிகளில் க்யூஆர் கட்டத்தின் கீழே சரியான கடவுச்சொல் எழுத்தாகவே தெரியும்.

இணைந்தும் இணையம் இல்லை என்றால், அமைப்புகளில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பொதுவாக ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது என்று பொருள். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எதுவும் கிடைக்காமல் கணினி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு முகவரியைக் கையால் எழுதிவிடுகிறார்கள். அதே எண் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் கொடுக்கப்பட்டிருந்தால் இரண்டும் மாறி மாறித் தடுமாறும். முகவரி தானாகக் கிடைக்கும்படி விட்டுவிட்டு, ரவுட்டரில் மேக் வடிகட்டி, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் வசதி, போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு எப்போதோ குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும்படி அமைத்திருந்தால், புதிய கணினி அந்தப் பட்டியலில் இருக்காது. விண்டோஸின் "ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்" வசதி போடப்பட்டிருந்தால், பட்டியலில் சேர்த்த எண்ணுக்கும் கணினி காட்டும் எண்ணுக்கும் பொருந்தாமலும் போகும்.

முகவரி சரியாக இருந்தும் தளங்கள் திறக்காதபோது, முதலில் கணினியின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு. கணினியின் ஆண்டு தவறாக இருந்தால், சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தளத்தையே மறுத்துவிடும். தேதி சரி என்றால், கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்து, அதாவது ping 8.8.8.8 என்று தட்டி, பதில் வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் வந்தும் பெயர் கொடுத்துத் திறக்கும் தளங்கள் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையை ஐயப்படலாம். புதிய கணினியோடு வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸும் இணைப்பைத் தடுக்கக்கூடும். இன்னொரு ஆன்டிவைரஸை அதன்மேல் நிறுவுவது நிலைமையை மோசமாக்கும். வேண்டாததை முழுக்க நீக்கிவிட்டுச் சோதிப்பதே முறை.

கணினியை அணைத்துத் திறந்தும் பலனில்லை என்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்டோஸில் "ஷட் டவுன்" கொடுத்தால், விரைவுத் தொடக்க வசதி காரணமாக அமைப்பின் உட்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி எழும். சிக்கிக்கொண்ட டிரைவரும் அதே நிலையில் திரும்பும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். விண்டோஸ் அமைப்புகளில் உள்ள நெட்வொர்க் ரீசெட் என்பதைக் கடைசியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களை எல்லாம் அழித்துவிடும், அலுவலக விபிஎன் இருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டிவரும்.

வருகிறது, ஆனால் மெதுவாக

புதிய கணினி முதல் நாளில் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வேகத்தைச் சோதித்து ரவுட்டரைக் குறை சொல்லக் கூடாது. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டத்தில் கோப்பு நொடிக்கு 12 மெகாபைட் அளவில் இறங்கினால் அது முழு வேகமே, ஏனெனில் எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். ரவுட்டர் டிகேஐபி என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறையில் அமைந்திருந்தால் வைஃபை வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைப்பதையும் விட்டுவிட வேண்டும். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு இரைச்சலை உண்டாக்கும் என்பது பலருக்கும் தெரியாது; வைஃபை டாங்கிளை அதன் பக்கத்துத் துளையில் செருகாமல், சிறு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ வேறு ஊர்க் கடையிலோ உதிரிப் பாகங்களாக வாங்கிப் பொருத்திய மேசைக்கணினி என்றால், மதர்போர்டு பெட்டியைத் திறந்து பாருங்கள். பின்புறம் திருக வேண்டிய ஆன்டெனாக்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிடுவது அடிக்கடி நடப்பது.

புகார் செய்ய நேர்ந்தால், வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடி முதலில் வருவதற்கு அழைக்காதீர்கள். போலி எண்களை வைத்து, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லிப் பணத்தைப் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. ரசீதிலோ நிறுவனத்தின் செயலியிலோ உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். கோளாறு கணினியில்தான் என்று தோன்றினால், கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலும் வேறு ஒரு வீட்டு வைஃபையிலும் இணைத்துப் பாருங்கள். டிரைவர் சரியாக இருந்தும் எங்குமே இணையவில்லை என்றால் வைஃபை அட்டையே பழுதாகியிருக்கலாம். அப்போது கணினியின் அடிமூடியைத் திறக்காமல், வாங்கிய இடத்தில் மாற்றித் தரும் காலம் முடிவதற்குள் ரசீதோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.