கணக்குப் பாடம் எடுக்கப் பயமா? பயிற்சிக் காலத்தில் இந்தத் தவறுகள் வேண்டாம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் டி.எல்.எட். (தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சி) படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் கற்பித்தல் பயிற்சிக்கு என்ன பாடம் எடுக்கப்போகிறாய் என்று கேட்டால், தமிழ், ஈ.வி.எஸ். (சூழ்நிலையியல்) என்றுதான் தொடங்குவார்கள். கணக்கு கடைசியில் வரும். "ரெண்டாம் கிளாஸ் கிடைச்சா எடுக்குறேன் டீச்சர்" என்பார்கள்.

இப்படித் தள்ளிப்போடுவதுதான் முதல் தவறு. நான்காம் வகுப்புவரை ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடமும் எடுக்கவேண்டியிருக்கும். கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டின் முதல் பிரிவிலும் 150 கேள்விகளில் 30 கணக்குதான். பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில் தடுமாறினால் திருத்த ஆள் உண்டு. வேலைக்குப் போனபின் யார் இருப்பார்கள்?

அடுத்தது, மொழித் தடுமாற்றத்தைக் கணக்கு வராததாக எண்ணிக்கொள்வது. தமிழ் மீடியத்தில் படித்தவருக்குப் பயிற்சி வகுப்பில் வகுத்தல் மலையாளத்தில் 'ஹரணம்' ஆகிவிடுகிறது. தொகுதியும் பகுதியும் 'அம்சம்', 'சேதம்' ஆகின்றன. தெரிந்த கணக்கே அந்நியமாகத் தோன்றும். நோட்டில் இரண்டு மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பாதிப் பயம் அங்கேயே குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

நான் அதிகம் கவலைப்படுவது விதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பற்றித்தான். இரண்டரையைக் காலால் (¼) வகுக்கவேண்டும். "தலைகீழாக்கிப் பெருக்கு" என்கிறோம், 10 வருகிறது. ஒரு குழந்தை எழுந்து, "வகுத்தா குறையணுமே, எப்படிக் கூடுச்சு?" என்று கேட்கிறது. அருமையான கேள்வி. பதில் தெரியாத ஆசிரியருக்கோ அது மிரட்டலாகக் கேட்கும்; "சொன்னதை எழுது" என்று அதட்டிவிடுவார். அந்தக் குழந்தை இனி கேட்காது.

இரண்டரை லிட்டர் பாலைக் கால் லிட்டர் குவளையால் அளந்து காட்டுங்கள். ஒரு லிட்டருக்கு நாலு குவளை, இரண்டு லிட்டருக்கு எட்டு, மீதி அரை லிட்டருக்கு இரண்டு. ஆக, பத்துத் தடவை. 'எத்தனை கால் இருக்கிறது?' என்பதுதான் இங்கே வகுத்தல். ஒரு லிட்டருக்கு நாலு என்பதால்தான் நாலால் பெருக்குகிறோம். அப்புறம் குவளையை அரை லிட்டராக மாற்றினால் ஐந்து என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். வகுப்புக்குப் போகும் முன் வீட்டில் தண்ணீரை வைத்து நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்.

"எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராது" என்று ஆறுதலாகச் சொல்வதும் வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் கணக்குப் பயம் அதிகமுள்ள ஆசிரியைகளிடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு படித்த சிறுமிகளில் பலர், கணக்கு ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும் என்ற எண்ணத்துக்கு ஆண்டு முடிவில் வந்திருந்தார்கள். அப்படி எண்ணிய சிறுமிகளின் கணக்குத் திறனும் குறைந்திருந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் அந்த வேறுபாடு இல்லை. நம் பயம் குழந்தைக்குப் போய்ச் சேர ஓர் ஆண்டே போதும்.

கடிகாரத்தை வைத்து அவசரமாகக் கணக்குப் போட்டுப் பழகுவதும் ஆரம்பத்தில் உதவாது. எண்களை மனதில் தாங்கவேண்டிய இடத்தைப் பதற்றம் பிடித்துக்கொள்ளும். முதலில் நிதானமாகப் போடுங்கள், வேகம் தானாக வரும்.

சரி, அப்படியும் போர்டில் தப்பாகிவிட்டால்? அவசரமாக அழிக்காதீர்கள். "எந்த வரியில தப்பாச்சு, யாரு பார்க்குறீங்க?" என்று குழந்தைகளிடமே கேட்டு, அவர்கள் சொல்லும்வரை சாக்பீஸோடு காத்திருங்கள்.