ஜூலை 31 போய்விட்டதா? வருமான வரிக் கணக்கைத் தாமதமாகத் தாக்கல் செய்வது எப்படி

கரூரில் வரிக் கணக்கு தாக்கல் செய்து தருவது என் தொழில். ஆகஸ்ட் பிறந்ததும் வரும் போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான்: "அக்கா, தேதி போயிருச்சே, இனிமே பண்ணவே முடியாதா?" முடியும். சம்பளம், பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் கடைசித் தேதி ஜூலை 31. 2025இல் அதைச் செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள், ஆனால் ஒவ்வொரு வருடமும் நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். தேதி தவறினாலும் வருமான வரிச் சட்டத்தின் 139(4) பிரிவின் கீழ் அந்த மதிப்பீட்டு ஆண்டின், அதாவது சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின், டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு 2026 டிசம்பர் 31. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டாலும், இந்த வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான், பிரிவு எண்களும் பழையவைதான்.

எல்லோரும் முதலில் கேட்பது அபராதம் எவ்வளவு என்று. மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய். இது 234எஃப் கட்டணம். ஆகஸ்ட் 1இல் போட்டாலும் டிசம்பர் 30இல் போட்டாலும் இதே தொகைதான். வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள்ளேயே இருந்து, தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லாதவர்களுக்கு இது கிடையாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "12 லட்சம் வரைக்கும் வரியே இல்லைன்னு டிவியில சொன்னாங்களே" என்று வந்து நிற்பார்கள். வரி இல்லைதான். ஆனால் அது தள்ளுபடியால் பூஜ்யமாகும் வரி. விகிதம் குறைந்த, ஆனால் கழிவுகள் அதிகம் இல்லாத புதிய வரி முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம். அதைத் தாண்டினால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். 11 லட்சம் சம்பளம் வாங்குகிறவர் ஒரு ரூபாய் வரி கட்ட வேண்டாம், தாமதத்துக்கு மட்டும் 5,000 கட்ட வேண்டும். ரீஃபண்ட் வர வேண்டியவர்களுக்கும் இதே கதைதான், அதிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

இந்த 5,000 ரூபாயைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். என் பயமெல்லாம் சேமிப்பு, வாடகை, கடன் வட்டிக்கெல்லாம் கழிவு தரும் பழைய வரி முறை கைவிட்டுப் போவதில்தான். தொழில் வருமானம் இல்லாதவர்கள் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதானால் உரிய தேதிக்குள் போடும் ரிட்டர்னில்தான் தேர்ந்தெடுக்க முடியும். தேதி தாண்டினால் புதிய முறைதான், வேறு வழியில்லை. 80சி (பிஎஃப், எல்ஐசி மாதிரிச் சேமிப்புக்கான கழிவு), வீட்டு வாடகைப்படி, குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி எல்லாம் போச்சு.

எவ்வளவு அடிபடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலை சென்னையில், கடன் வாங்கிக் கட்டிய வீடு கரூரில், ஆண்டுச் சம்பளம் 16 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைப்படி விலக்கு 3 லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம், 80சி ஒன்றரை லட்சம், என்பிஎஸ் என்கிற ஓய்வூதியச் சேமிப்பு 50,000, மருத்துவக் காப்பீடு 25,000, நிலையான கழிவு 50,000. பழைய முறையில் வரிக்குரிய வருமானம் 8.25 லட்சம், வரி, செஸ் என்கிற கூடுதல் வரியோடு சேர்த்து 80,600. கம்பெனியும் அவ்வளவுதான் டிடிஎஸ், அதாவது சம்பளத்திலேயே கழித்துக் கட்டும் வரி, பிடித்திருக்கும். புதிய முறையில் 75,000 நிலையான கழிவு மட்டும் போக 15.25 லட்சத்துக்கு வரி 1,13,100. தேதியைத் தவறவிட்டதற்கு விலை 32,500 ரூபாய். அதன் மேல் வட்டி, அதன் மேல் 5,000. சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் ஃபார்ம் 16இல் பழைய முறை என்று போட்டிருந்தால் உங்கள் கணக்கை இன்றே இப்படிப் போட்டுப் பாருங்கள், கட்ட வேண்டிய பணத்தைத் தயார் செய்ய வேண்டியிருக்கும்.

இன்னொரு இழப்பு பங்குச் சந்தையில் இருப்பவர்களுக்கு. இந்த வருடம் பங்கு விற்றதில் வந்த நஷ்டத்தை அடுத்த வருட லாபத்தில் கழிக்க, உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். தொழில் நஷ்டமும் அப்படியே. வீட்டுச் சொத்து நஷ்டத்துக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

வட்டி விஷயம் சின்னது, ஆனால் தேதி பார்க்க வேண்டியது. கட்டாத வரிக்கு 234ஏ பிரிவில் மாதம் 1 சதவீதம், மாதத்தில் ஒரு நாள் நுழைந்தாலும் முழு மாதம். செப்டம்பர் 30 அன்று முடித்தால் இரண்டு மாதம், அக்டோபர் 1 ஆகிவிட்டால் மூன்று. அதனால் எதையும் மாதக் கடைசிக்குள் முடிக்கப் பாருங்கள். டிடிஎஸ் போகப் பாக்கி வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்கூட்டிய வரி (வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்ட வேண்டியது) கட்டாததற்கு 234பி, 234சி வட்டிகளும் சேரும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஃபார்ம் 16ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வருமான வரி போர்ட்டலில் ஏஐஎஸ் (உங்கள் வருமான விவரங்களின் தொகுப்பு), 26ஏஎஸ் (உங்கள் பேரில் பிடித்த, கட்டிய வரியின் பட்டியல்) இரண்டையும் இறக்கிப் பாருங்கள். சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்புநிதி வட்டி, டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் விற்றது எல்லாம் ஏஐஎஸ்ஸில் இருக்கும். ஓய்வு பெற்ற ஒருவர் என்னிடம், "பேங்குலயே டிடிஎஸ் பிடிச்சுட்டாங்களேம்மா, அப்புறம் எதுக்கு அதைக் காட்டணும்?" என்று வாதாடினார். பேங்க் பிடிப்பது பத்து சதவீதம். உங்கள் வரி விகிதம் அதற்கு மேல் என்றால் மீதி உங்கள் பாக்கி.

பிறகு இ-ஃபைல் பகுதியில் மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்னைத் தொடங்குங்கள். எந்தப் பிரிவின் கீழ் தாக்கல் என்று கேட்கும் இடத்தில் 139(1) இருந்தால் மாற்றி 139(4) போடுங்கள். எல்லா விவரமும் நிரப்பியதும் வரி, வட்டி, தாமதக் கட்டணம் சேர்ந்த தொகை கீழே வரும். அதைக் கட்டிவிட்டுத்தான் சமர்ப்பிக்க வேண்டும்.

பணம் கட்டும் பக்கத்தில் இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ஒன்று, மதிப்பீட்டு ஆண்டு. 2025-26இல் சம்பாதித்த பணத்துக்கு 2026-27. இதை மாற்றிப் போட்டுவிட்டு, பணம் கட்டியும் பாக்கி காட்டுகிறதே என்று வருகிறவர்கள் வருடா வருடம் உண்டு. இரண்டாவது, வரி வகை. சுயமதிப்பீட்டு வரி, அதாவது 300. முன்கூட்டிய வரியான 100 அல்ல. ரசீதில் உள்ள பிஎஸ்ஆர் கோடு, தேதி, சலான் எண், தொகை நான்கும் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அனுப்பியதோடு முடியவில்லை, 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபி போதும், நெட் பேங்கிங் வழியாகவும் முடியும். இரண்டும் இல்லாதவர்கள் ஐடிஆர்-வி என்கிற ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். 30 நாள் தாண்டிச் சரிபார்த்தால், சரிபார்த்த நாள்தான் தாக்கல் நாளாக எடுத்துக்கொள்ளப்படும். டிசம்பர் 28இல் அனுப்பிவிட்டு பிப்ரவரியில் ஓடிபி போடுகிறவர் கெடுவையே தாண்டிவிட்டார் என்று அர்த்தம். நான் ஓடிபி வரும் வரை ஆளை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடமாட்டேன்.

டிசம்பர் 31உம் போய்விட்டால்? வரி பாக்கி இருப்பவர்கள் ஐடிஆர்-யூ என்கிற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை அவகாசம். ஆனால் முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் 25 சதவீதம் கூடுதல், பிறகு வருடத்துக்கு வருடம் 50, 60, 70 என்று ஏறும். ரீஃபண்ட் கேட்க இதில் வழி கிடையாது. ரீஃபண்ட் வர வேண்டியவர்கள் 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி போர்ட்டல் வழியாகவே விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடம் வரை அதற்கு அவகாசம் உண்டு. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி, ஏன் தாமதமானது என்று காட்டும் காகிதங்களைச் சேர்த்து அனுப்புங்கள். "மறந்துவிட்டேன்" என்று எழுதி அனுப்பினால் எடுபடாது.